ஐப்பசியில் நண்பர்களோடு சிவனொளிபாத மலை: திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் ஆறு பேர். உவர்மலை, உப்புவெளி, சாம்பல்தீவு என்று எல்லோரும் திருகோணமலைதான். இரண்டு ஐப்பசியில் இந்த மலைக்குப் போனோம். முதல் முறை உச்சியைக் காணாமலே திரும்பினோம், அடுத்த வருடம் ஏறி முடித்தோம். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற மச்சான்மார் என்று ஆள் மாறி ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சீசன் டிசம்பரில்தானே தொடங்குகிறது, ஏன் ஐப்பசியில் போனீர்கள்?

யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் (முழுநிலா நாளில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். அந்த மாதங்களில் வழி முழுக்க மின்விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும், ஆயிரக்கணக்கான சனம் கூடவே ஏறும். பக்தியோடு போகிறவர்களுக்கும், முதல்முறை ஏறுகிற வயதானவர்களுக்கும், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் அதுதான் சரியான காலம், அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

எங்களுக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை. கிழக்குக் கரையில் வெளிநாட்டுக்காரர் வருகிற காலம் சித்திரை தாண்டித் தொடங்கி புரட்டாசி வரை இழுக்கும், அதுவரை அவர்களுக்கு லீவு என்ற பேச்சே இல்லை. ஐப்பசியில் கடல் மாறத் தொடங்கும்போதுதான் கையில் நாலு நாள் வரும், தீபாவளியும் அதோடு சேர்ந்து வரும். ஆறு பேரும் ஒன்றாக வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடிய ஒரே காலம் அதுதான்.

ஆனால் சீசன் இல்லாத காலத்தில் விளக்கு இல்லை, கடை இல்லை, மழையும் காற்றும் அதிகம், வழியில் விழுந்தால் தூக்கிவிட ஆளும் இல்லை. இதை ஏற்றுக்கொண்டால் மட்டும் மேலே வாசியுங்கள்.

இலையுதிர் காலத்தில் மலை அழகு என்கிறார்களே, அங்கே இலை நிறம் மாறுமா?

கனடா மச்சான் கேட்ட கேள்வி இது. அவர் ஊரில் ஒக்டோபரில் மேப்பிள் மரமெல்லாம் சிவந்து உதிரும். நம்முடைய மலைக்காடு எப்போதும் பச்சை, மொத்தமாக இலை உதிர்க்கிற வழக்கம் அதற்கு இல்லை. ஆனால் உயரமான இடங்களில் கீன மரங்கள் தளிர்விடும் நேரம் உச்சிக்கொப்புகள் செம்பு நிறமாகத் தெரியும். அங்கே உதிரப்போகிற இலை சிவக்கிறது, இங்கே பிறந்த இலை சிவக்கிறது.

இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன். நம்முடைய பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தொல்காப்பியத்தில் மலைநிலமான குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது இந்தக் கூதிர், சிறுபொழுது யாமம், அதாவது நடுச்சாமம். மலைக்கு என்று நம் ஆட்கள் குறித்து வைத்த காலமே மழைக்குளிர் காலம்தான். அந்தக் குளிர் மேலே போய் நின்றபோது எலும்பு வரை தெரிந்தது.

எவ்வளவு கஷ்டம், உண்மையாகச் சொல்லுங்கள்?

மலை 2243 மீற்றர். ஹட்டன் பக்கத்து நல்லதண்ணி வழியாக ஏறினால் தொடங்குகிற இடமே உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் காலால் ஏற வேண்டியது சுமார் 1000 மீற்றர். ஐயாயிரத்துக்கு மேல் படிகள். இரத்தினபுரிப் பக்கத்து வழி இன்னும் நீளமானது, முதல்முறை அதில் போகவேண்டாம்.

நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், கடல்மட்டத்திலிருந்து கோணேசர் கோயில் வாசல் வரை உள்ள ஏற்றத்தைப் பத்துத் தடவை ஓய்வில்லாமல் ஏறுவது போல. முதல் ஒரு மணி நேரம் ஏமாற்றும், தேயிலைத் தோட்டம், ஓடை, மகர தோரணம், ஜப்பான்காரர் கட்டிய வெள்ளைச் சமாதானத் தூபி என்று காலாற நடப்பது போலவே இருக்கும். சீத கங்குல ஓடையைத் தாண்டிய பிறகு படிகள் செங்குத்தாகத் தொடங்கும், கடைசிப் பகுதியில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத்தான் உடம்பை இழுக்க வேண்டும். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். மூச்சை விட இந்த ஒழுங்கில்லாத உயரம்தான் காலை முறிக்கும்.

ஏற 3 முதல் 4 மணி நேரம், இறங்க 2 முதல் 3 மணி நேரம். ஈரத்தில் இன்னும் கூடும்.

எல்லோரும் இரவில் ஏறி சூரிய உதயம் பார்க்கிறார்கள், நீங்கள் ஏன் பகலில்?

சீசனில் இரவு ஏறுவதற்கு அர்த்தம் இருக்கிறது. விடியும்போது மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழும், அதைப் பார்க்கத்தான் நடுச்சாமத்தில் ஏறுகிறார்கள். ஐப்பசியில் விடியற்காலையில் பெரும்பாலும் உச்சி மூடுபனிக்குள் இருக்கும். விளக்கில்லாத, பாசி பிடித்த ஈரப் படியில் நாலு மணி நேரம் டோர்ச் வெளிச்சத்தில் ஏறி, கடைசியில் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

பகலில் போனால் காட்டைப் பார்க்கலாம். இந்த மலையைச் சுற்றிய காடு 2010 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. குட்டையாக வளைந்த மரங்கள், மரமெல்லாம் பாசி, பாசியிலிருந்து நீர் சொட்டும் சத்தம். இரவில் ஏறுகிறவர்கள் முன்னே போகிறவருடைய குதிக்காலைத்தான் பார்க்கிறார்கள்.

நாங்கள் காலை 5.30க்குத் தொடங்கினோம், ஒரு அரை மணி நேரம்தான் டோர்ச் தேவைப்பட்டது. இன்னொன்று, ஒக்டோபர் கடைசியில் மாலை 5.50 அளவில் சூரியன் மறைந்துவிடும். ஆகஸ்ட் மாதத்தை விட அரை மணி நேரம் முந்தி. "ஆறரை மணி வரை வெளிச்சம் இருக்கும்தானே" என்று பழைய ஞாபகத்தில் கணக்குப் போடாதீர்கள்.

திருகோணமலையிலிருந்து எப்படிப் போவது?

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. அங்கிருந்து ஹட்டன், பிறகு நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி. பஸ்ஸில் மாறி மாறிப் போனால் ஒரு முழுநாள் போகும். ஆறு பேர் என்றால் வேன் ஹயர் பிடிப்பது நல்லது, காசைப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது.

தயவு செய்து இரவு முழுக்க ஓடி, விடிய இறங்கி, நித்திரை இல்லாமல் ஏறாதீர்கள். பலர் லீவு நாளை மிச்சம் பிடிக்க இதைத்தான் செய்கிறார்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும், மலைவீதியில் சாரதிக்கும் கண் சொக்கும், நித்திரை கெட்ட கால் இறங்கும்போது படியைத் தவறவிடும். காலையில் திருகோணமலையில் வெளிக்கிட்டு, பின்னேரம் நல்லதண்ணியில் ஒரு அறை எடுத்து, எட்டு மணிக்கெல்லாம் படுங்கள்.

போகிற வழியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் கடப்பீர்கள், பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் இருக்கிறது. அப்புறம் ஒரு சின்ன விடயம், எனக்கு மிகவும் பிடித்தது. மகாவலிக்குத் தண்ணீர் கொடுக்கிற தலைஓடைகளில் ஒன்று ஹட்டன் ஓயா. அது நாட்டைச் சுற்றி ஓடி வந்து கடைசியில் மூதூர்ப் பக்கம் நம்முடைய கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஹட்டன் மலைகளில் பெய்கிற மழையில் ஒரு பங்கு உங்களுக்கு முன்னே ஊர் போய்ச் சேரப் பார்க்கும்.

எப்படிப் பயிற்சி எடுத்தீர்கள்? நான் கடற்கரையில் தினமும் நடப்பவன், போதாதா?

மணலில் நடப்பது நல்லது, ஆனால் போதாது. இறங்குகிற பயிற்சி வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது, அந்த வேலைக்குப் பழகாத தசைதான் ஆயிரமாவது படியில் நடுங்கத் தொடங்கும்.

நாங்கள் ஆறு வாரம், வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினோம். முதல் வாரம் இரண்டு தடவை, கடைசி வாரம் எட்டுத் தடவை, முதுகில் மூன்று லீற்றர் தண்ணீரோடு. அங்கே திரியும் மான்கள் கூடப் பழகிவிட்டன. மலைக்குப் போடப்போகிற அதே சப்பாத்தைப் போட்டுத்தான் நடக்க வேண்டும். புதுச் சப்பாத்தோடு வந்த ஒருவருக்கு முதல் முறை இரண்டு குதிக்காலிலும் கொப்புளம்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

குளிர்தான் நம் ஊர்க்காரருக்குப் புரியாத விடயம், அதனால் முதலில் அதைச் சொல்கிறேன். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை குறையும். திருகோணமலையில் விடியற்காலை 25 பாகை என்றால் உச்சியில் ஏறத்தாழ பத்து, பதினொன்று. இதில் காற்றையும் நனைந்த உடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். நாங்கள் முதல் முறை பருத்தி ரீஷேர்ட்டோடு போனோம். பருத்தி வியர்வையையும் மழையையும் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துவிடும். விளையாடப் போடுகிற பொலியஸ்டர் ஜேர்சி எவ்வளவோ மேல், சீக்கிரம் காயும்.

ஒவ்வொருவரும் தன் பையில், திரும்பவும் சொல்கிறேன், தன் சொந்தப் பையில், மழைக்கோட்டு, பொலித்தீனில் சுற்றிய காய்ந்த உடுப்பு ஒரு சோடி, சுவெட்டர், இரண்டு சோடி காலுறை, தலையில் கட்டுகிற டோர்ச், தண்ணீர், சாப்பாடு வைத்திருக்க வேண்டும். "மழைக்கோட்டெல்லாம் ஒரு பையில் போடுவோம், சுமை குறையும்" என்று நாங்கள் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று கீழே சொல்கிறேன். குடை வேண்டாம், காற்று பறித்துக்கொள்ளும். பிடி நன்றாக உள்ள சப்பாத்து போதும், விலை கூடியது தேவையில்லை. செருப்பு வேண்டவே வேண்டாம்.

கையில் ஒரு தடி. நல்லதண்ணியில் கேட்டால் கிடைக்கும்.

அட்டைக்கு என்ன செய்வது?

இருக்கும். நிறைய இருக்கும். மழைக்குப் பிறகு புல்லிலும் சருகிலும் தலையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். கடிக்கும்போது வலிக்காது, கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால் அட்டை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இரத்தம் வரும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர ஆபத்தில்லை. நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, வெளியே சவர்க்காரத்தைக் காய்ந்தபடி பூசுங்கள், சித்தாலேப என்ற பூச்சுத் தைலமும் சரி. ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விழும். நெருப்பு வைக்காதீர்கள்.

படியின் நடுவில் நடங்கள், ஓரத்துப் புல்லில் உட்காராதீர்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும். அந்தச் சரிவுகளில் கொழுந்து எடுக்கிற அக்காமார் வருடம் முழுக்க இதோடுதான் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தபோது எங்களுக்கு அட்டையைப் பற்றி முறைப்பட வாய் வரவில்லை.

மழை, இடி, மண்சரிவு?

ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் அடிக்கும், நிலம் சூடாகும், நாலு பக்கத்துக் கடற்காற்றும் உள்ளே வந்து மலையில் முட்டி மேலே எழும், மதியத்துக்குப் பிறகு கறுத்து இடியோடு கொட்டும். நாட்டில் மின்னல் கூடிய மாதங்களில் இவையும் உண்டு, மற்றது மார்ச், ஏப்ரல். அதனால்தான் பகல் ஏற்றம் என்றாலும் விடியற்காலையில் தொடங்கி, மதியத்துக்கு முன் உச்சியை விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவென்றால் அது 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. உச்சியிலும் இரும்புக் கைப்பிடி உள்ள படிகளிலும் அப்போது இருக்கக்கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது ஏறாமல் இருங்கள்.

மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேசம் வாரியாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் கவனம், செம்மஞ்சள் தயார்நிலை, சிவப்பு வெளியேற்றம். நுவரெலியா மாவட்டத்துக்கு எந்த நிறம் இருந்தாலும் நான் போகமாட்டேன், மஞ்சள் என்றாலும்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் கரையைத் தொட்டு மலையகத்தில் எத்தனை லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை), எத்தனை குடும்பத்தை மண்ணுக்குள் கொண்டுபோனது என்று நாம் பார்த்தவர்கள். வங்கக்கடலில் தாழமுக்கம் என்று செய்தியில் கேட்டால் வேனுக்குக் கொடுத்த முற்பணம் போகட்டும் என்று விடுங்கள்.

முதல் முறை ஏன் திரும்பி வந்தீர்கள்?

என்னால்தான். நான் வேகமாக ஏறுகிறவன். நானும் இன்னொரு மச்சானும் சீத கங்குலவிலேயே மற்ற நாலு பேரையும் விட்டுவிட்டு முன்னே போனோம், "மேலே நின்று பார்த்துக்கொள்வோம்" என்று. ஆறு மழைக்கோட்டும் என் முதுகில் இருந்த பையில். பத்தரை மணிக்கே மழை பிடித்தது, வழக்கத்தை விட முந்தி. நாங்கள் இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்தில் நின்றோம். சிரித்துக்கொண்டு கூட நின்றோம். போனில் சிக்னல் இல்லை.

கீழே ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்து நடக்க முடியவில்லை, மற்ற மூன்று பேரும் அவனோடு நின்று நனைந்தார்கள். முக்கால் மணி நேரம். அவனுக்கு முதலில் உடம்பு நடுங்கியது, பிறகு பேச்சு குழறியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான், போத்தல் மூடியைத் திருக அவன் விரல்கள் கேட்கவில்லை. உடம்புச் சூடு ஆபத்தாகக் குறைகிறது என்பதற்கு அதெல்லாம் அடையாளம் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. நல்லவேளை, தோட்டத்துப் பக்கமிருந்து வந்த ஒரு அண்ணன் பார்த்து, அவனுடைய நனைந்த சட்டையைக் கழற்றச் சொல்லி, தன்னுடைய காய்ந்த சாக்கைப் போர்த்தி, இரண்டு பேரை அவனோடு ஒட்டி உட்காரவைத்து, கீழே கூட்டிப்போய் வீட்டில் இனிப்புத் தேத்தண்ணி கொடுத்தார். நாங்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து, அவர்களைக் காணாமல் தேடித் திரிந்தோம். அவன் அடுப்படியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தபோது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவனுடைய அம்மாவிடம் நான்தான் கேட்டு அனுமதி வாங்கிக் கூட்டிப்போயிருந்தேன்.

இரண்டாம் முறை இதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தோம். மெதுவாக நடப்பவன் முன்னால். வேகமானவன், அதாவது நான், கடைசியில். எவரும் எவருடைய கண்ணுக்கும் மறையக்கூடாது. மணி 11 ஆனால், உச்சி நூறு படியில் இருந்தாலும், திரும்புவது. அந்த நேரத்தை முதல் நாள் இரவே எல்லோரும் சேர்ந்து சொல்லி வைத்தோம், ஏனென்றால் மலையில் நின்று அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது. "எனக்கு முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் மறுபேச்சு இல்லை, கேலியும் இல்லை. பகிடிக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் வலியை மறைத்து நடக்கிறார்கள்.

மேலே ஒட்சிசன் குறையுமா, மூச்சு முட்டுமா?

காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். அதனால் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும். உயர மலை நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும், பயப்பட வேண்டாம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

சாப்பாடும் தண்ணீரும்?

ஆளுக்கு இரண்டரை லீற்றர், அதில் ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) கரைத்தது. குளிரில் தாகம் தெரியாது, அதற்காகக் குடிக்காமல் விடாதீர்கள். கெண்டைக்கால் பிடித்தவன் அன்று காலையிலிருந்து அரைப் போத்தல் கூடக் குடித்திருக்கவில்லை. ஓடைத்தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

சாப்பாட்டை ஒரேயடியாகச் சாப்பிடாமல் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. கச்சான், பேரீச்சம்பழம், தோடம்பழம், எள்ளுருண்டை, உச்சிக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். என் அனுபவத்தில் எள்ளுருண்டையை வெல்ல எதுவும் இல்லை. கந்தசஷ்டி விரதம் இருப்பவர்கள் அந்த ஆறு நாளில் ஏறாதீர்கள், முருகன் அடுத்த வாரமும் கோபிக்க மாட்டார்.

வழிகாட்டி தேவையா? மிருகங்கள் இருக்குமா?

நல்லதண்ணி வழி தெளிவானது, தொலைவது கஷ்டம். ஆனாலும் சீசன் இல்லாத காலத்தில் உள்ளூர்ப் பெடியன் ஒருவரைக் கூட்டிப்போங்கள். எந்தப் படி வழுக்கும், எந்தக் கடைத் தாழ்வாரம் ஒழுகாது, மேகம் எந்தப் பக்கத்தால் வந்தால் மழை என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே தோட்டங்களில் தமிழ்தான் பேசுகிறார்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள், சொன்னதற்கு மேல் கொஞ்சம் கொடுங்கள். தங்கும் இடத்தில் ஆறு பேரின் பெயரையும் திரும்புகிற நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சிறுத்தை அந்தக் காட்டில் உண்டு, நீங்கள் காணப்போவதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத் தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தை ஒன்று, மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. நாட்டில் மிக அரிதான மிருகம் அது. வழியை விட்டுத் தோட்டத்துக்குள் குறுக்கே இறங்காதீர்கள், அந்தக் கம்பி மனிதக் காலையும் பிடிக்கும்.

பெண்கள் வரலாமா?

தாராளமாக. இரண்டாம் முறை எங்களோடு என் தங்கச்சியும் அவளுடைய சிநேகிதியும் வந்தார்கள், நடையில் எங்களை விடச் சீரானவர்கள். கடைகள் பூட்டியிருப்பதால் வழியில் கழிப்பறை கிடைப்பது சிரமம், அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் என்ன இருக்கிறது?

சப்பாத்தைக் கழற்ற வேண்டும். நனைந்த கல்லில் வெறுங்கால், அதற்காகத்தான் மேலதிகக் காலுறை. சீசன் இல்லாததால் பாதச் சுவடு இருக்கும் மண்டபம் பூட்டியிருக்கும், சமன் தெய்வத்தின் திருவுருவமும் அந்த மாதங்களில் பெல்மதுளையில் இருக்கும். நாம் சிவனின் பாதம் என்கிறோம், பௌத்தர் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். 1344 இல் இபுனு பதூதா கூட ஏறிப் போயிருக்கிறார். எத்தனை முறை ஏறினீர்களோ அத்தனை முறை மணியை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். நாங்கள் எல்லோரும் ஒரு தடவை அடித்தோம், முதல் முறை பாதியில் திரும்பியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஏறிச் சேர்ந்தோம். இருபது நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை, ஐந்து நிமிடம் மேகம் விலகியது. மவுசாகலைத் தண்ணீர் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி கீழே கிடந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், உடம்பு குளிர்ந்துவிடும்.

கொண்டுபோன ஒவ்வொரு உறையும் போத்தலும் திரும்ப உங்களோடு இறங்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

இறங்கும்போது முழங்கால் வலிக்காமல் இருக்க?

முதல் நாளே கால் நகத்தை வெட்டுங்கள். சப்பாத்து நாடாவை இறங்குவதற்கு முன் திரும்ப இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெருவிரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிடும். படியில் நேராகக் குதிக்காமல் பக்கவாட்டாகத் திரும்பி, தடியை முதலில் ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள். காயங்கள் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் வருகின்றன, அதுவும் கீழே வீடுகள் தெரியத் தொடங்கிய பிறகு.

யார் ஏறக்கூடாது?

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், அடிக்கடி வருகிற இழுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள். நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வரவேண்டாம், காலில் உணர்வு குறைந்தவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது.

ஏதாவது நடந்தால் யாரைக் கூப்பிடுவது?

1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். 119 பொலிஸ். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். அம்புலன்ஸ் படியில் ஏறாது, வீதி வரை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், அதனால்தான் நாலு பேருக்குக் குறைவாகப் போகாதீர்கள் என்கிறேன்.

திரும்பி வந்த பிறகு?

இரண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்குப் போகும். மாடிப்படி உள்ள வேலை என்றால் லீவை ஒரு நாள் நீட்டுங்கள். மெதுவாக நடந்துகொண்டே இருந்தால் மூன்று, நாலு நாளில் போய்விடும். காலில் காயத்தோடு சேற்றுத்தண்ணீரில் நடந்திருந்து, அடுத்த ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், பனடோலோடு இருந்துவிடாமல் மலைக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கூடுகிறது, முந்திப் பிடித்தால் மருந்தில் தீரும்.

நாங்கள் வந்த மறுநாள் பின்னேரம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு, வாளியால் அள்ளி முழங்காலில் ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் இருந்தோம். அதனால் தசைவலி குறைந்ததா தெரியாது, சுகமாக இருந்தது. முதல் முறை பேச்சுக் குழறியவன்தான் இரண்டாம் முறை எல்லோருக்கும் முன்னால் நடந்தவன். கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, அந்தத் தோட்டத்து அண்ணனுக்கு நம் ஊர்க் கருவாடு ஒரு பார்சல் அனுப்ப வேண்டும் என்று சொன்னான். அனுப்பினோம்.